சீன வைத்தியரின் அறிவுரை சரி, அந்த டீ வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 44. மலேசியாவில், கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறேன். கூட வேலை செய்யும் சீனத் தோழி சொன்னதால் ஒரு சீன வைத்தியரைப் பார்த்தேன். நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, "மண்ணீரல் பலவீனம், உடம்பில் ஈரம் தேங்கியிருக்கிறது" என்றார். ஐஸ் கூடாது, அரை வயிறு சாப்பிடு, இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடி, பிறகு நட என்றார். மருந்துக் கடையில் ஒரு ஸ்லிம்மிங் டீயும் வாங்கினேன். ஒரே வாரத்தில் 2 கிலோ குறைந்தது. தொடரலாமா? மண்ணீரலை ஸ்கேன் செய்ய வேண்டுமா?

பதில்: ஸ்கேன் தேவையில்லை. அவர் சொன்ன மண்ணீரல், விலா எலும்புக்குக் கீழே இருக்கும் அந்த உறுப்பு மட்டும் அல்ல. சீன மருத்துவத்தில் செரிமான வேலை முழுவதும் அதன் கணக்கில் வருகிறது. அது மந்தமானால் சாப்பிட்டது ஈரமாகவும் சளியாகவும் தேங்கி உடம்பு பருக்கும் என்பது அவர்கள் விளக்கம். இதை ரத்தப் பரிசோதனையில் காட்ட முடியாது. ஆனால் அதை வைத்துச் சொல்லும் நடைமுறைகளில் பல, நானும் சொல்பவைதான்.

ஐஸ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீர் கொழுப்பை உறைய வைப்பதும் இல்லை, வெந்நீர் கரைப்பதும் இல்லை. ஆனால் ஐஸை நிறுத்தினால் தே ஐஸும் (ஐஸ் போட்ட பால் டீ) சிராப்பும் (இனிப்புப் பானம்) தானாக நிற்கும். கூடவே கெட்டிப்பாலும் சீனியும் போகும். லாபம் அங்கேதான். சூடாகக் குடிக்கிறேன் என்று கெட்டிப்பால் சேர்த்து ஆற்றும் தே தாரிக்குக்கு மாறினால் பலன் இல்லை. மாமாக் கடையில் "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத டீ) என்று கேட்டு வாங்குங்கள்.

இரவு உணவைப் பற்றிச் சீன அரசு 2024இல் வெளியிட்ட உடல்பருமனுக்கான உணவு வழிகாட்டியும் பேசுகிறது: மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் சாப்பிடச் சொல்கிறது. வேலை முடிந்து வீடு சேரவே ஏழாகும் என்பீர்கள். சரி, எட்டுக்குள் முடியுங்கள், பத்து மணி நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) விடுங்கள். அரை வயிறெல்லாம் வேண்டாம், பசி தாங்காமல் பிஸ்கட் டின்னைத் தேடுவீர்கள். சீனர்களே பத்துக்கு ஏழு பங்கு நிறைந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள்.

"சாப்பிட்டபின் நூறு அடி நட, தொண்ணூற்றொன்பது வரை வாழ்" என்பது அவர்கள் பழமொழி. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். எடை குறைய நூறு அடி காணாது. முட்டி வலி இருந்தால் பூங்காவில் நடக்கும் தாய்ச்சியில் (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி) சேருங்கள். 50 வயதுக்கு மேற்பட்ட, வயிறு பருத்தவர்களிடம் ஹாங்காங்கில் 12 வாரம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், எந்தப் பயிற்சியும் தரப்படாதவர்களோடு ஒப்பிட்டால் தாய்ச்சி செய்தவர்களின் இடுப்புச் சுற்றளவு சராசரியாக 1.8 செ.மீ. குறைந்தது. வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 1.3. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் பயிற்சிக்குச் சளைத்ததும் இல்லை.

இப்போது அந்த டீ. இன்றே நிறுத்துங்கள். இப்படிப்பட்ட டீக்களில் பலவற்றில் இருப்பது நிலவாகை இலை. திருநெல்வேலிப் பக்கம் விளைந்து உலகமெங்கும் போகும் அதே பேதி மருந்து. அது வேலை செய்வது பெருங்குடலில். உணவின் சத்தும் கொழுப்பும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே உங்கள் 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். நீர் மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து: பல நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தை வெளியேற்றும், பேதியும் அதையே செய்யும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கஷாயங்களில் சேரும் அதிமதுரமும் நாள்பட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

மாத்திரை வடிவில் வருபவை இன்னும் மோசம். 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட, பசியை அடக்கும் மருந்தான சிபுட்ரமின், "மூலிகை" என்ற பெயரில் விற்ற மெலிவு மாத்திரைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கத் தந்த சீன மூலிகையில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று கலந்ததால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது.

இந்த வாரமே ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), தைராய்டு பாருங்கள். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 30ஐத் தாண்டுகிறது, ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தம் இறங்க வாய்ப்புண்டு. இடையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தாலோ, படபடப்பு, தலைசுற்றல் வந்தாலோ டீப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.