மேடையில் பேசுபவர்கள் உங்கள் மகளுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண், கூடவே தாய்மாமா. மாமா கையில் வழவழ அட்டையில் ஓர் அழைப்பிதழ். ஒரு தனியார் பல்கலைக்கழகம் நடத்தும் உயர்கல்வித் தலைவர்கள் மாநாடு. 14 பேச்சாளர்கள், 14 புகைப்படங்கள். "இத்தன பெரிய ஆளுங்க வந்து பேசற எடமுங்க சார். அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு கெடச்சா கண்ண மூடிட்டுச் சேத்திரலாமுங்களா?"

அம்மாவின் முகம் வாடியிருந்ததால், பிள்ளை நன்றாகத்தான் வருவாள் என்று இரண்டு வார்த்தை சொன்னேன். ஆறுதல் அவ்வளவுதான். அப்புறம் பென்சிலை எடுத்து, படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்க ஆரம்பித்தோம்.

நான்கு பேர் துணைவேந்தர்கள். மூன்று பேர் மென்பொருள் நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இருவர். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்காரர்கள் இருவர். கல்லூரிகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் விற்பவர் ஒருவர், கல்விக்கடன் நிறுவனத்துக்காரர் ஒருவர், தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர். அட்டையைத் திருப்பினால் மாநாட்டுக்குப் பணம் கொடுத்த ஆதரவாளர்கள் பட்டியல். மென்பொருள்காரரும் கடன்காரரும் அங்கேயும் இருந்தார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த நான்கு துணைவேந்தர்கள் படித்தது இயற்பியல், தாவரவியல், தமிழ், சிவில். நீங்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்க நினைக்கும் படிப்பை அதில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. இதில் புதுமை ஒன்றும் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1942 முதல் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். 1956இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தலைவரான சி.டி. தேஷ்முக் கேம்பிரிட்ஜில் படித்தது தாவரவியல், வேதியியல், நிலவியல். நடுவில் ரிசர்வ் வங்கி கவர்னராகவும் இருந்தார். மு. வரதராசனார் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இதையெல்லாம் பார்த்து, தாவரவியல் படித்தால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம் என்று யாரும் கணக்குப் போட மாட்டோம். மேடையில் இருப்பவர்களைப் பார்த்து சீட்டு வாங்குவதும் அதே கணக்குதான். முதலாண்டில் வகுப்பெடுக்கப் போவது யார், போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள், அதைக் கேளுங்கள்.

இனி பணம். மாமா சொன்னது ஆண்டுக்கு 4 லட்சம், விடுதியோடு. நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். வழக்கமான வங்கிக் கல்விக்கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். உங்களிடம் இருப்பது ஒன்றரை ஏக்கரும் நான்கு மாடும். 11 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள்; வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டத் தொடங்கும்போது கடன் 22 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் 30,000 ரூபாய்க்கு மேல். முதல் சம்பளமே அதற்குக் குறைவாக இருந்தால் யார் கட்டுவது? நிலத்தை ஈடு வைத்து இந்தச் சீட்டு வாங்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் பேச்சே கிடையாது.

பெண் அதுவரை வாயைத் திறக்கவில்லை. பையில் ஒரு நோட்டு இருந்தது. கேட்டதும் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். பால் சொசைட்டிச் சீட்டில் வரும் கொழுப்பு அளவையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) அளவையும் ஏழு மாதமாகத் தேதிவாரியாக எழுதியிருக்கிறாள், காலைக்கு நீல மை, மாலைக்குச் சிவப்பு மை. வாரச் சராசரி போட்டு, மாலைப் பாலில் கொழுப்பு கூடுதல் என்று கண்டுபிடித்து, பக்க ஓரத்தில் "கறவை இடைவெளி குறைவு என்பதாலா?" என்று ஒரு கேள்வி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். பிளஸ் டூ கணக்கில் 94.

இவளுக்கு நான் சொன்னது பி.எஸ்சி. புள்ளியியல்.

மாமா அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. ஆனால் 'டேட்டா சயின்ஸ்' என்று பெயர் வைத்து அவருக்குக் காட்டியதில் பாதிக்கு மேல் இந்தப் பாடம்தான்: நிகழ்தகவு, மாதிரியெடுப்பு, சோதனை வடிவமைப்பு, ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறும் என்று கணக்கிடும் ரிக்ரஷன். எல்லா அரசுக் கலைக் கல்லூரியிலும் இது இல்லை. தேடித்தான் பிடிக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, லயோலாவிலும் கிறித்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கிய எஸ்.ஆர். சீனிவாச வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனவர். அரசுக் கல்லூரி என்றால் செலவு பெரும்பாலும் விடுதியும் சாப்பாடும்தான். இவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

அப்புறம் என்ன செய்வாள் என்று அம்மா கேட்டார். எம்.எஸ்சி.க்கு ஐஐடி ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. கான்பூரும் மும்பையும் அதில் எடுக்கின்றன. கோவையிலேயே படிக்க வேண்டுமென்றால் பாரதியார் பல்கலைக்கழகம். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் உயிரிப்புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுக்கான புள்ளியியல். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை இளநிலைப் பட்டத்தோடு 21 வயதில் எழுதலாம். எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண், நேர்முகம் 200. ஐ.ஏ.எஸ். அளவுக்குக் கூட்டம் மோதாத தேர்வு அது.

இது வெறும் கணக்கு உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1956இல் சென்னையில் காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் அடைத்துவைத்த பழக்கத்தை உலகம் கைவிட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. குலுக்கிப் பிரித்ததும் எண்ணிப் பார்த்ததும்தான் அங்கே புள்ளியியல் செய்த வேலை.

கஷ்டமும் உண்டு. இரண்டாம் ஆண்டுக் கணக்கு கடுமை. பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டால் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். முதுநிலை வரை போக வேண்டும். இதையும் அவளிடமே சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக்குள் 50,000 முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்களாம். கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் எழுதியே கொடுத்தேன். மாமா அழைப்பிதழை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். வாசல்வரை போன பெண் திரும்பி வந்து, "சார், நாலு மாட்டுப் பாலையும் ஒண்ணாத்தான் ஊத்தறோம். தனித்தனியா அளந்தாத்தானுங்களே சரியா இருக்கும்?" என்று கேட்டாள்.