சுவாசப்பை ஸ்கானில் பி கோடுகள்: கேள்வி – பதில்

கேள்வி: புறொஸ்ரேற் சுரப்பியைச் சிறுநீர்க் குழாய் வழியாகச் செதுக்கி எடுக்கும்போது கழுவும் திரவம் குருதிக்குள் போய்விடுகிறது. அதைச் சுவாசப்பை ஸ்கானில் வேளைக்கே பிடிக்கலாமா? எத்தனை கோடு கண்டால் யோசிக்க வேண்டும்?
– மயக்க மருந்துப் பிரிவில் பயிலும் வைத்தியர், கொக்குவில்

பதில்: பிடிக்கலாம். சுவாசப்பையில் ஈரம் ஏறினால் ஒலி அலை ஸ்கானில் பி கோடுகள் எனும் வெள்ளைக் கோடுகள் தெரியும். ஆனால் முதல் ஸ்கானை முதுகில் விறைப்பு ஊசி போடும் முன்னரே எடுத்து எழுதி வையுங்கள். இதயம் பலவீனமானவருக்கும் பழைய காசநோய்த் தழும்பு உள்ளவருக்கும் கோடுகள் ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் நடுவில் புறோப்பை (உடலில் வைக்கும் ஸ்கான் முனையை) வைத்துவிட்டுப் பதறுவது வீண்.

வளைந்த முகப் புறோப், 3–5 மெகாஹேர்ட்ஸ், ஆழம் 10–12 செ.மீ. போதும். படத்தை மெழுகிக் காட்டும் ஹார்மொனிக், கொம்பவுண்ட் வசதிகளை நிறுத்திவிடுங்கள். நமக்கு வேண்டிய கோட்டையே அவை அழித்துவிடும். புறோப்பை உடலின் நீளவாக்கில் வைத்தால் இரண்டு விலா நிழல்களுக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு, சுவாசப்பையை மூடிய சவ்வு, தெரியும். குவியத்தை அங்கே வையுங்கள். அதன் கீழே சம இடைவெளியில் கிடையாக வருபவை ஏ கோடுகள். அங்கே காற்று இருக்கிறது, ஈரமில்லை. பி கோடு அப்படியல்ல. சவ்விலிருந்து புறப்பட்டு, ரோச் வெளிச்சம் போல மங்காமல் திரையின் அடிவரை இறங்கும். ஏ கோட்டை அழிக்கும். மூச்சோடு சேர்ந்து அசையும். பாதியில் மங்குவதை எண்ணாதீர்கள்.

ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த இடம் ஈரம். பக்கத்துக்கு நான்கு இடங்கள் பார்த்து, இரு பக்கமும் இரண்டு இடங்களாவது ஈரமாக இருக்க வேண்டும் என்பது சுவாசப்பை ஸ்கான் பற்றிய 2012 சர்வதேச இணக்க அறிக்கையின் அளவு. தியேட்டரில், துணி போர்த்தி, காலைத் தூக்கிக் கட்டிய ஆளிடம் எட்டு இடத்துக்கும் கை எட்டாது. நெஞ்சின் முன்புறம் பக்கத்துக்கு இரண்டு இடம் போதும். சொல்லப்போனால், முன்புறம்தான் அதிகம் நம்பத்தக்கது: மல்லாந்து கிடப்பவரின், அதிலும் முழு மயக்கத்தில் இருப்பவரின், சுவாசப்பையின் பின்பகுதி தானாகவே சுருங்கி, திரவமே ஏறாமல் கோடு காட்டும். கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தொடக்கத்தில் சுத்தமாக இருந்த முன்புறத்தில் இரு பக்கமும் புதிதாகக் கோடு வந்தால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் உடனே சொல்லுங்கள். ஒட்சிசன் அளவு இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

பிறகு கழுவும் பையைப் பாருங்கள். நோயாளியின் மட்டத்திலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தொங்கினால் இறக்குங்கள். நாளத்தில் ஓடும் சேலைனைக் குறையுங்கள், சோடியம் அளவு பார்க்கக் குருதி அனுப்புங்கள், வேலையை விரைவில் முடிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் ஒட்சிசனும், சிறுநீரைக் கூட்டும் புறூசமைட்டும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே போன திரவத்தால் குருதியின் சோடியம் இறங்குவதை ஸ்கான் காட்டாது. கழுவும் திரவமாக 1.5% கிளைசின் ஓடும்போது சுவாசப்பை நனைவதற்கு முன்பே ஆள் குழம்பலாம், ஓங்காளிக்கலாம், பார்வை மங்கலாம். அவரோடு கதைத்துக்கொண்டே இருப்பதுதான் அங்கே முதல் மொனிற்றர். சேலைனால் கழுவும்போது சோடியம் அவ்வளவாக இறங்காது, அந்த முன்னறிகுறிகளும் வராது. ஆனால் சுவாசப்பை நிரம்பலாம். ஸ்கானுக்கு உண்மையான மதிப்பு அங்கேதான்.

கேள்வி: பி கோடு இல்லையென்றால் இன்னும் சேலைன் ஏற்றலாம்தானே?
– தாதிய உத்தியோகத்தர், மானிப்பாய்

பதில்: இல்லை. சுவாசப்பை நனையவில்லை என்பது வேறு, உடம்புக்குத் திரவம் வேண்டும் என்பது வேறு. அதிர்ச்சி நிலை நோயாளிக்கு பி கோடு தோன்றும்வரை திரவம் ஏற்றிப் பார்க்கும் முறையொன்றை பிரான்ஸ் வைத்தியர் லிஷ்டென்ஸ்டைன் வகுத்தார். திட்டமிட்ட சத்திரசிகிச்சையில் அதைச் செய்வது கிணற்றின் விளிம்புவரை நடந்து பார்ப்பது மாதிரி. குருதியமுக்கம், சிறுநீர், குருதி இழப்பு எல்லாவற்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் இந்தச் சத்திரசிகிச்சை. ஸ்கானில் கதிர்வீச்சு உண்டா? நாங்கள் கேட்டு வாங்க வேண்டுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கதிர்வீச்சு இல்லை; ஒலி அலைதான், கொஞ்சம் ஜெல் பூசுவார்கள். கேட்டு வாங்கத் தேவையில்லை. அப்பா இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறாரா, பின்னேரத்தில் கால் வீங்குகிறதா, என்ன குளிசை எடுக்கிறார் என்பதை மயக்க மருந்து வைத்தியரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.