கடை கைமாறினால் வாரண்டிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். தயாரிப்பு நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி போக, தனியாகப் பணம் கட்டி மேலும் இரண்டு ஆண்டுகளுக்குக் கடையின் வாரண்டியும் எடுத்தோம். சென்ற மாதம் குளிர்ச்சி நின்றுவிட்டது. பார்த்த மெக்கானிக், “போர்டு போய்விட்டது” என்றார். கடையில் புதிய முதலாளி இருக்கிறார். “நான் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அது பழையவர் எழுதிக் கொடுத்தது, அவரிடமே கேளுங்கள்” என்கிறார். பெயர்ப்பலகை மாறவில்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். என் பணம் போனது போனதுதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகவில்லை, சகோதரி. ஆனால் “கெஞ்சிப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாரண்டி என்பது கடைக்காரர் உங்களிடம் பட்டிருக்கும் கடன். அதற்கான விலையை முன்பே கட்டிவிட்டீர்கள். கடன்பட்டவர் தன் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டுமானால், கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லிருந்தே இதற்கு இடம்கொடுப்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும்தான். உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான் 19 ஆண்டுகள் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றின் சர்வீஸ் பிரிவில் இருந்தவன். அந்தக் கடை கைமாறியபோது சரக்குக் கணக்கு எடுத்தார்கள். மேசை விசிறி, டியூப் லைட், நாற்காலி வரைக்கும் எழுதினார்கள். வாரண்டி அட்டைகளின் அடிக்கட்டைகள் இருந்த இரும்பு அலமாரியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு பெரியவர் வாட்டர் ஹீட்டரின் ரசீதோடு வந்து நின்றார். “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சொல்லிவிட்டார்கள். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டவன் நான். அன்று எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை அப்படி வெறுங்கையோடு அனுப்பியிருக்க மாட்டேன்.

முதலில் அந்த வாரண்டித் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பொறுப்பேற்பவர் யார் என்று இருக்கும். கூடுதல் வாரண்டியைக் கடை விற்றாலும், அதை நடத்துவது வேறொரு நிறுவனமாகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ இருப்பதுண்டு. அப்படியானால் கடை யாருடையது என்ற பேச்சே தேவையில்லை, நேரே அவர்களிடம் போகலாம். அதேபோல, பழுது எது என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் ஆளை வரவழைத்து எழுத்தில் வாங்குங்கள். பொது வாரண்டி ஓராண்டோடு முடிந்தாலும், கம்ப்ரஸருக்கு மட்டும் 10 ஆண்டு தரும் நிறுவனங்கள் உண்டு. கோளாறு உண்மையில் கம்ப்ரஸரில்தான் என்று தெரிந்தால் வழக்கே மாறிவிடும்.

தாளில் கடையின் பெயர்தான் இருக்கிறதென்றால், கடை எப்படிக் கைமாறியது என்று பார்க்க வேண்டும். அது கம்பெனியாகப் பதிவானது, பங்குகள்தாம் விற்கப்பட்டன என்றால், சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் இன்றும் அதே கம்பெனிதான். முதலாளி மாறியது அவர்கள் வீட்டு விவகாரம். கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய கடையாக இருந்தால், விலகிப் போனவர் தாம் இருந்த காலத்துப் பொறுப்பிலிருந்து தாமாகக் கழன்றுகொள்ள முடியாது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932 இதைத் தெளிவாகச் சொல்கிறது.

உங்கள் கடை தனி ஒருவருடையது போலத் தெரிகிறது. சரக்கையும் பெயரையும் மட்டும் விற்றிருந்தால் பழையவர் பொறுப்பு பழையவரிடமே இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களின் பொறுப்பையும் ஏற்பதாக விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, பழைய வாரண்டிகளுக்குப் புதியவர் ஏற்கெனவே வேலை செய்து கொடுத்திருந்தாலோ, அவரையும் கேட்க வலுவான இடமுண்டு. “அதே கடை, அதே சேவை” என்று எங்காவது விளம்பரம் செய்திருக்கிறாரா? இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பெயர்ப்பலகைக்கு அவர் விலை கொடுத்தது, அதை நம்பி மக்கள் உள்ளே வருவார்கள் என்பதால்தானே!

வாரண்டியில் நம்பிக்கை போனால் வியாபாரமே படுத்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகும் நிலையில் இருந்தபோது, அவற்றின் கார் வாரண்டிகளுக்கு அரசே பின்னால் நிற்கும் என்று அமெரிக்க அதிபர் ஒபாமா 2009 மார்ச் 30 அன்று அறிவிக்க வேண்டியிருந்தது. இதைப் புதிய முதலாளியிடம் சண்டையாக அல்லாமல் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். சில நேரம் இதுவே போதும்.

போதவில்லையென்றால், ஒரே கடிதத்தைப் பழையவர், புதியவர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தனித்தனியே எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வாங்கிய தேதி, சீரியல் எண், பழுதான தேதி, கடையில் சொன்ன பதில் எல்லாம் இருக்கட்டும். 15 நாள் கெடு கொடுங்கள். மூல ரசீதை எவரிடமும் கொடுக்காதீர்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்லாக இருந்தால் இன்றே நகல் எடுங்கள். பீரோவில் பத்திரமாக வைத்த பில், தேவைப்படும் நாளில் வெள்ளைத் தாளாகிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கெடு தாண்டினால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும், புதிய பொருளின் குறைக்கு விற்றவர் குறைந்தது இரண்டு ஆண்டு சட்டப்படியே பொறுப்பு.

கடை திவாலாகி மூடப்பட்டிருந்தால் நான் இவ்வளவு தெம்பாக எழுதியிருக்க மாட்டேன். அப்போது மற்றக் கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் கடை நன்றாகவே நடக்கிறது. தாளின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கடிதத்தின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.