திருகோணமலைக் கடலில் திமிங்கலச் சுறா எதிரே வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஆகஸ்ட் மாதம் ஸ்கூபா டைவிங் செய்யத் திருகோணமலைக்கு வருகிறேன். திமிங்கலச் சுறாவைப் பார்க்க வாய்ப்பு உண்டா? நீருக்கடியில் எதிரே வந்துவிட்டால் ஆபத்தா?

ஆபத்து இல்லை. வாய்ப்பு உண்டு, ஆனால் குறைவு. யாராவது "நிச்சயம் காட்டுகிறோம்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் அவரிடம் போகாதீர்கள். நான் உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன். பருவகாலத்தில் சுழியோடிகளுக்குத் துணையாகக் கடலில் இறங்குபவன். இந்த மீனை வரவழைக்க இங்கே யாராலும் முடியாது.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். நவம்பரில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கி, வள்ளம் இறக்குவதே பெரும்பாடு. எங்கள் ஊருக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே தொடங்கி 3000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. நீலத் திமிங்கலமும் விந்துத் திமிங்கலமும் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் தென்படுவது அதனால்தான். திமிங்கலச் சுறாவுக்கும் ஆழம் பழக்கமானது. 1900 மீட்டருக்கும் கீழே அது போனது பதிவாகியிருக்கிறது. ஆனால் இரை தேடும்போது பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே உலவும்.

நான் அதை முதன்முதலில் கண்டது கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு வெளியே. கறுப்புப் பட்டை போட்ட மஞ்சள் பாரைக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக எங்களை நோக்கி வந்தன. அவ்வளவு சிறிய மீன்கள் திறந்த கடலில் ஏன் இப்படி அணிவகுத்து வருகின்றன என்று யோசிப்பதற்குள், அவற்றின் பின்னால் வாய் தெரிந்தது. மற்றச் சுறாக்களுக்குப்போல் தலைக்கு அடியில் இல்லாமல், தலையின் முன் விளிம்பு முழுவதும் அகன்ற வாய். அதன் ஓரத்தில் அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத சின்னக் கண். எங்களைக் கடக்கும்போது அந்தக் கண் குழிக்குள் உள்வாங்கி, மறுபடி வெளியே வந்தது. இமை இல்லாத மீன் அது. கண்ணைக் காப்பதற்கு அதற்குத் தெரிந்த வழி அதுதான். பிறகு ஐந்து செவுள் பிளவுகள், முதுகின் நீளவாக்கில் ஓடும் மேடுகள், அவற்றுக்கிடையே வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். வயிற்றடியில் ஒட்டுமீன்கள். வால் கடைசியாக வந்தது. அது ஒருமுறை அசைந்தபோது தள்ளப்பட்ட நீர் என் முகக்கண்ணாடியை இழுத்தது. நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மேலே வந்ததும் படகோட்டி அண்ணன் சொன்னார்: "இஞ்சினை அப்போதே நிறுத்திவிட்டேன் தம்பி. அது போகும்வரை படகு அசையாது." எல்லோரும் அவரைப்போல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நீர்மட்டத்தில் மெதுவாக நீந்தும் இந்த மீனுக்குப் படகின் விசிறியும் கப்பலின் முகப்பும் பெரிய எதிரிகள். 2016 முதல் இது அருகிவரும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

பற்கள் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் மிகச் சிறியவை, கடிப்பதற்கு உதவாதவை. மிதவை உயிரிகள், மீன் முட்டைகள், சிறு மீன்கள் இவற்றை நீரோடு சேர்த்து உள்ளே எடுத்துச் செவுளில் வடிகட்டி விழுங்கும். பார்த்தவுடன் பின்னாலேயே பாய வேண்டாம். நின்ற இடத்தில் மிதந்து, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, பக்கவாட்டில் இருங்கள். முன்னால் போய் வழியை மறிக்கவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். துரத்தினால் அது மூழ்கிவிடும். துரத்தாதவர்களைச் சில வேளை தானாகவே இன்னொரு சுற்று வந்து பார்க்கும்.

உங்களுக்கான உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சுறா மெல்லச் சரிந்து கீழே போகும். நீங்களும் ஆசையில் கூடவே போவீர்கள். ஆழமானியைப் பார்க்க மறந்துவிடுவீர்கள், காற்று இரட்டிப்பு வேகத்தில் தீரும். ஆரம்பச் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர்தான் எல்லை; சுறா வந்தாலும் அதுதான் எல்லை. மேலே ஏறும்போதும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். நீர்மட்டத்தில் இரை எடுத்துக்கொண்டிருந்தால் சிலிண்டரே தேவையில்லை, ஸ்நோர்க்கல் குழாயால் மூச்சுவிட்டு மிதந்தபடி பார்ப்பது இன்னும் நல்லது.

பிலிப்பைன்ஸின் ஒஸ்லொப்பில் சிறு இறாலை ஊட்டி ஊட்டி இவற்றைக் கரையோரத்தில் நிறுத்திவைக்கிறார்கள், பயணிகள் தவறாமல் பார்ப்பதற்காக. படகைக் கண்டாலே உணவு என்று ஓடிவரும் மீனாக அதை மாற்றும் அந்த வழக்கம் எங்கள் ஊருக்கு வரவே கூடாது. வருபவர்கள் கேட்காவிட்டால் அது வராது. ஆகவே கேட்காதீர்கள்.

சுறா வராவிட்டாலும் சுவாமி மலையில் இறங்குங்கள். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்கள் அங்கே கடலடியில் கிடக்கின்றன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தவை. புறாத்தீவும் இருக்கிறது, அது 2003 முதல் தேசியப் பூங்கா.

சுறா வந்துவிட்டால், கமெராவும் கையில் இருந்தால், முகத்தை விட்டுவிடுங்கள். செவுளுக்குப் பின்னால், பக்கத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதியை, முடிந்தால் இடப்பக்கத்தில், எடுங்கள். அங்குள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய முறையைக் கொண்டு ஷார்க்புக் என்ற தரவுத்தளம் அவற்றைப் பொருத்திப் பார்க்கிறது. படத்தோடு திகதியையும் இடத்தையும் சேர்த்து அங்கே பதிவேற்றுங்கள்.