மானியத்தை நம்பி மெஷின் வாங்கலாமா?

வாழப்பாடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

டிகிரி முடித்த மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்காமல் பாக்குமட்டைத் தட்டு யூனிட் போடுகிறேன் என்கிறாள். பத்து லட்சம் கடன் என்றதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. பயம் நியாயம்தான். ஆனால் நானாக இருந்தால் கடனைவிட, அந்தத் தட்டை யார் வாங்குவார்கள் என்றுதான் அதிகம் கவலைப்படுவேன்.

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் கிராமப்புறப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம். 10 லட்ச ரூபாய் திட்டத்துக்கு அவள் 50,000 போட்டால் போதும், மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியமான 3.5 லட்சம் கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை. யூனிட் ஓடுகிறது என்று சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். ஆக, முதல் மூன்று வருஷத் தவணையை விற்பனைதான் கட்ட வேண்டும். இந்த 9.5 லட்சக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை. கமிஷன் கொடுத்தால் மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, சந்தை? 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது பாக்குமட்டைக்கு நல்லதாயிற்று. ஆனால் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதே தடைப் பட்டியலில் இருந்ததால், கப் மெஷின் போட்டவர்களுக்குப் பெரிய அடி. பாக்குமட்டைக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது: 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளை அங்கே விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் ஏற்றுமதிக் கனவை இப்போதைக்கு ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். உள்ளூர் மண்டபங்களும் சமையல் கான்ட்ராக்டர்களும்தான் இவளுக்கு வாடிக்கையாளர்கள். மழைக்காலத்தில் மட்டை பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததை வாங்கிச் சேர்க்கப் பணமும் நனையாத இடமும் வேண்டும். திட்ட அறிக்கையில் பலர் விட்டுவிடுவது இந்தச் செலவைத்தான்.

என் யோசனை இது. வருகிற முகூர்த்த சீசனில் பக்கத்து யூனிட்டில் தட்டு வாங்கி விற்றுப் பார்க்கட்டும். யார் கையில் காசு கொடுக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பது தெரிந்துவிடும். அதற்குள் குரூப் 4 தேர்வு வந்தால் அதையும் எழுதட்டும். ஆனால் மெஷினை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கு இந்த மானியம் கிடையாது. அப்புறம், இதற்கு விண்ணப்பிக்க சேலம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், அதிகாரியிடம் அவள்தான் பேச வேண்டும்.