முத்திரையும் ஓரக்குறிப்பும்

அன்புள்ள ஐயா,

பழம்பதிப்புகளைச் சேர்ப்பதில் சில காலமாக எனக்கு ஈடுபாடு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுப் பயண நூல் இப்போது விலைக்கு வந்திருக்கிறது. கன்றுத்தோல் கட்டு, இரு அட்டைகளிலும் ஒரு பிரபுவின் குலச்சின்னம் தங்கத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முன்னட்டை முதுகிலிருந்து விடுபடும் நிலையில் இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் பின்னாளில் யாரோ ஒருவர் தன் பெயரை எழுதி, உள்ளே பல பக்கங்களின் ஓரங்களில் பழுப்பு மையில் கிறுக்கியும் வைத்திருக்கிறார். தாள்களைக் கழுவி வெளுத்து, சிவப்பு மொராக்கோ தோலில் புதிதாகக் கட்டி, பழைய சின்னத்தை மட்டும் வெட்டியெடுத்து உள்ளட்டையில் ஒட்டித் தருவதாக வியாபாரி சொல்கிறார். செய்யலாமா? இத்தகைய நூல்களைக் கையுறை அணிந்துதான் தொட வேண்டுமா? தோலுக்கு எண்ணெய் பூசலாமா? இது நல்ல முதலீடுதானா?

ர.

*

அன்புள்ள ர.,

வாசகர்கள் நூலின் தாளில் விட்டுச்செல்லும் தடங்களைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். கையுறை வேண்டாம். பருத்திக் கையுறை விரல்நுனியின் உணர்வை மழுங்கடித்துத் தாளைக் கிழிக்கத்தான் உதவும். கழுவி நன்கு உலர்ந்த கையே போதும் என்பதுதான் இன்று பெரிய நூலகங்கள் பின்பற்றும் முறை. எண்ணெயும் பூசாதீர்கள், தோல் கறுத்துப் பிசுபிசுக்கும். முதலீடு என்று கேட்கிறீர்கள். ராக்ஸ்பர்க் பிரபுவின் நூலகம் 1812இல் லண்டனில் ஏலம் போனபோது, இத்தாலிய எழுத்தாளர் போக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ கதைநூலின் 1471ஆம் ஆண்டு வெனிஸ் பதிப்பை பிளாண்ட்ஃபோர்ட் பிரபு 2,260 பவுண்டுக்கு எடுத்தார். அச்சு நூல் ஒன்றுக்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 1819இல் அவருடைய நூல்களே ஏலத்துக்கு வந்தபோது அதே பிரதி 918 பவுண்டுக்குப் போனது. இதற்குமேல் அந்தக் கேள்விக்குள் நான் போகவில்லை.

குலச்சின்னத்தின்மேல் உங்களுக்கு ஒரு மயக்கம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அட்டையில் சின்னம் இருப்பதாலேயே அந்த நூல் அந்தப் பிரபுவின் அலமாரியில் இருந்தது என்று ஆகிவிடாது. பிரான்சில் பள்ளிப் பரிசு நூல்களின் அட்டையில், பரிசுக்குப் பணம் கொடுத்த கனவானின் சின்னத்தைப் பதிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய நூல் அவர் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காமல் நேராக ஒரு மாணவனின் கைக்குப் போயிருக்கும். இங்கிலாந்தில் ட்யூடர் மன்னர்கள் காலத்துக் கட்டுநர்கள் அரச சின்னத்தை வெறும் அலங்காரமாகவே பதித்து விற்றார்கள். போலிகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாகே என்ற கட்டுநர் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, அவருடைய காதலி டயான் த புவாத்தியே போன்றோரின் சின்னங்களைப் பதித்துச் செய்த கட்டுகளை, ஜான் பிளாக்கர் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அசல் என்று நம்பி வாங்கிக் குவித்தார். ஆகவே முத்திரையின் நீள அகலத்தை அளந்து, பிரெஞ்சுக் குலச்சின்னக் கட்டுகளுக்கென்று ஒலிவியே, எர்மால், ரொத்தோன் ஆகிய மூவரும் 1924 முதல் 1938 வரை வெளியிட்ட 30 தொகுதிக் கையேட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, கழுவும் விஷயம். அந்தத் தாள்களைக் கழுவ விட்டீர்களானால் அதன்பின் எனக்கு எழுத வேண்டாம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டை விலைபேசும்போது, முதல் உரிமையாளரின் பெயரை மட்டும் பளிச்சென்று விட்டுவைத்து, இடையில் கைமாறிய பெயர்களையெல்லாம் சுரண்டியெடுத்த பத்திரத்தை ஒருவர் நீட்டினால், இதில் வில்லங்கம் இருக்கிறது என்று உடனே எழுந்து வந்துவிடுவீர்கள். புத்தகத்தில் மட்டும் அதையே அழகு என்று காசு கொடுத்துச் செய்யப் பார்க்கிறீர்கள்.

இதை ஒரு தொழிலாகவே செய்தவர் குலியெல்மோ லிப்ரி. கணித வரலாற்று அறிஞர். பிரெஞ்சுப் பொது நூலகங்களின் சுவடிகளைப் பட்டியலிட 1841இல் அமைக்கப்பட்ட குழுவின் செயலாளர். பட்டியலிடப் போன இடங்களிலிருந்தே திருடினார். நூலக முத்திரைகளை அழிப்பித்து, பிரெஞ்சு நூல்களை இத்தாலியப் பாணியில் மறுகட்டுச் செய்வித்து, பொய்யான உரிமைக் குறிப்புகளைச் சேர்த்து விற்றார். 1848இல் லண்டனுக்குத் தப்பியோடினார். 1850இல் அவர் இல்லாமலேயே நடந்த விசாரணையில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உங்கள் வியாபாரியைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் செய்து தருவதாகச் சொல்லும் வேலைகள் ஒவ்வொன்றும் திருடருக்கு வசதியானவை, வரலாற்றை எழுத வருகிறவருக்குக் கேடானவை.

எவ்வளவு கேடு என்று சொல்கிறேன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கோப்பர்நிக்கஸின் பெருநூலை யாருமே படிக்கவில்லை என்று எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர் 1959இல் எழுதினார், அது பரவலாக நம்பப்பட்டது. வானியல் வரலாற்றாசிரியரான ஓவன் கிஞ்சரிச் 1970இல் எடின்பரோ வானாய்வகத்தில் அந்நூலின் 1543ஆம் ஆண்டு முதற்பதிப்புப் பிரதி ஒன்றைத் திறந்தார். அதன் ஓரங்களில், தொடக்கம் முதல் இறுதிவரை, கூர்ந்து படித்த ஒருவரின் நுணுக்கமான குறிப்புகள் இருந்தன. எழுதியவர் எராஸ்மஸ் ரைன்ஹோல்ட், அக்காலத்தின் முன்னணி வானியல் ஆசிரியர்களில் ஒருவர். அதன்பின் கிஞ்சரிச் பல பத்தாண்டுகள் நாடு நாடாக அலைந்து முதலிரு பதிப்புகளின் சுமார் 600 பிரதிகளைப் பதிவுசெய்தார். ஒருவரின் ஓரக்குறிப்பை இன்னொருவர் தம் பிரதியில் படியெடுத்துக்கொண்டது, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கருத்துப் போன வழி, திருச்சபையின் 1620ஆம் ஆண்டுத் தணிக்கை ஆணைப்படி இத்தாலியப் பிரதிகளில் பாதிக்கு மேல் வரிகள் அடிக்கப்பட்டிருக்க, பிற நாடுகளில் அந்த ஆணையைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தாதது எல்லாம் பழுப்பு மையிலிருந்துதான் தெரியவந்தன. களவுபோன பிரதிகளை அடையாளம் காட்டவும் அதே மைதான் உதவியது. இப்படி ஒரு விசாரணைக்குக் கழுவிய பிரதி என்ன சாட்சி சொல்லும்?

அப்படிப்பட்ட ஒரு பிரதியை ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் நான் கையில் எடுத்திருக்கிறேன். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய அச்சு, பின்னாளைய சிவப்பு மொராக்கோ கட்டு, மூன்று விளிம்புகளிலும் தங்கப்பூச்சு. ‘மிகத் தூய்மையான பிரதி’ என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். தாளைத் தடவினால் அச்செழுத்து அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. கழுவி அழுத்தியதில் அது சமமாகிவிட்டிருந்தது. சாளரத்துப் பக்கம் சாய்த்தபோது, வலது ஓரத்தில் மஞ்சள் நிழலாக ஒரு கையெழுத்து தெரிந்தது. ஒவ்வொரு வரியும் விளிம்பில் நடுச்சொல்லோடு அறுந்திருந்தது, ஏனென்றால் மறுகட்டுச் செய்தவர் கத்தியை ஓட்டி ஓரத்தைக் குறைத்திருக்கிறார். ஓரிடத்தில் அந்த வாசகர் ஒரு சிறிய கையை வரைந்து, அதன் சுட்டுவிரலை ஒரு வரியின்மேல் நீட்டியிருந்தார். மணிக்கட்டோடு அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. எந்த வரி அவரை நிறுத்தியது என்பது தெரிந்தது, அதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது போய்விட்டது. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கட்டின் அழகு எனக்குப் பொருட்டில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ழான் க்ரோலியேயின் நூல்களில் பின்னிப் பிணைந்து ஓடும் பட்டைக் கோலங்களைப் படத்தில் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். பிரான்சின் பொருளாளராக இருந்த அந்தச் செல்வர், தமக்கும் தம் நண்பர்களுக்கும் உரியது என்றுதான் தம் அட்டைகளில் பொறித்தார்.

மைக்கேல் ஃபாரடேயைப் பள்ளியில் மின்னியலோடு சேர்த்துப் படித்திருப்பீர்கள். கொல்லரின் மகனான அவர் 1805இல் லண்டனில் ஒரு புத்தகக் கட்டுநரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தார். மின்சாரத்தைப் பற்றி அப்படிக் கைக்கு வந்த கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் கற்றார். 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பி, மறு ஆண்டு அவருடைய உதவியாளர் ஆனார். பின்னாளில் லண்டன் மன்றம் ஒன்றின் தோல் நாற்காலிகள் கெட்டுப்போனபோது வாயு விளக்குகளின் புகையைச் சந்தேகித்தவரும் அவரே; பழைய தோல் கட்டுகள் செம்பொடியாக உதிர்வதற்கு அந்தக் கந்தகப் புகை ஒரு முக்கியக் காரணம். உங்கள் நூலில் எழுதியவர் இன்னொரு ஃபாரடே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பிரபு படித்தாரா என்பதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. அந்த ‘யாரோ ஒருவர்’ மை தொட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார் என்பதற்கு ஓரமெல்லாம் சான்று இருக்கிறது.

முன்னட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழைய தோலை அப்படியே வைத்துக்கொண்டு, மெல்லிய ஜப்பானியத் தாளாலும் மாவுப் பசையாலும் இணைப்பை வலுப்படுத்தலாம். வேண்டும்போது ஈரம் கொடுத்துப் பிரித்துவிடவும் முடியும். அதுவும் வேண்டாமென்றால் அமிலமற்ற அட்டையில் அளவாக ஒரு பெட்டி செய்து உள்ளே வையுங்கள். முதுகுத் தோலை மட்டும் எவரையும் உரிக்க விடாதீர்கள். அந்தக் காலக் கட்டுநர்கள் அதற்கடியில் இன்னும் பழைய சுவடிகளின் துண்டுகளை ஒட்டியிருப்பதுண்டு.

இருக்கிறபடியே தருவதானால் வாங்குங்கள். கழுவித்தான் தருவேன் என்றால் விட்டுவிடுங்கள். வாங்கினால், அந்தப் பெயரையும் ஓரக்குறிப்புகளில் சிலவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார், அவரிடம் காட்டுகிறேன்.