யாரும் தேடாத குழந்தைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியத் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது 'எரேஸ்டு' பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். நெட்ஃபிளிக்ஸில் 2017-இல் வந்த 12 எபிசோடு தொடரைப் பார்த்து முடித்தேன். பிடித்திருந்தது. ஆனால் மர்மக் கதை என்ற அளவில் ஏமாற்றம்தான். கொலைகாரன் யார் என்று பாதிக்கு முன்பே தெரிந்துவிட்டது. என் தம்பி இன்னும் சீக்கிரமே சொல்லிவிட்டான். காலப்பயணத்துக்கும் சரியான விளக்கம் இல்லை. சில நிமிடங்கள் மட்டும் பின்னால் போய்வந்த நாயகன் திடீரென்று 18 வருடம் பின்னால் போவது எப்படி? கடைசியில் அவனை 15 வருடம் கோமாவில் படுக்கவைத்தது கதையை இழுப்பதற்காகவே என்று தோன்றியது. வழக்கு காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். கொலை வழக்கு எப்படிக் காலாவதியாகும்? இதே கதையின் அனிமேதான் (ஜப்பானிய அசைவுச் சித்திரத் தொடர்) மேல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

கதையை முழுக்க உடைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன். இனிமேல் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்தபிறகு வாருங்கள்.

அடிப்படைக் கதை இது. கெய் சன்பே 2012 முதல் 2016 வரை 'யங் ஏஸ்' இதழில் எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. 2006-இல் சிபாவில் வசிக்கும் நாயகன் சதோருவுக்கு வயது 29. மங்கா வரைகிறான், அதில் பெயர் கிடைக்கவில்லை, பிட்சா டெலிவரி செய்து பிழைக்கிறான். பக்கத்தில் ஏதாவது விபரீதம் நடக்க இருந்தால் காலம் அவனைச் சில நிமிடங்கள் பின்னுக்கு இழுத்துவிடும். எது தவறு என்று கண்டுபிடித்துத் தடுக்கும்வரை அந்தச் சில நிமிடங்கள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒருநாள் அவனுடைய அம்மா சச்சிகோ கொலை செய்யப்படுகிறாள், பழி அவன்மேல் விழுகிறது. ஓடும்போது காலம் அவனை 1988-இல் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் பனிக்குள் தூக்கிப் போடுகிறது. ஐந்தாம் வகுப்புச் சிறுவனின் உடல், உள்ளே 29 வயது மனம். அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் வகுப்புத் தோழி கயோ கடத்திக் கொல்லப்பட்டாள்.

கொலைகாரன் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். உங்கள் தம்பி சொன்னது சரி. வகுப்பாசிரியர் யாஷிரோவைத் தவிர அந்தக் கதையில் ஒளிந்துகொள்ள வேறு ஆளே இல்லை. அவர் காரில் ஒரு காட்சி வரும். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க மிட்டாய். சிகரெட்டை விடுவதற்காக வைத்திருக்கிறேன் என்கிறார். அதைப் பார்த்த நொடியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் சன்பே விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். கொலைகாரனைக் கடைசிவரை மறைத்துவைக்க நினைக்கும் கதை இப்படி இருக்காது. 2020-இல் டிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தெசியஸ் நோ ஃபுனே' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மங்காவிலிருந்து வந்ததுதான். அதிலும் ஒருவன் 1989-க்குத் திரும்பிப் போகிறான், ஒரு பனிக் கிராமத்துப் பள்ளியில் 21 பேர் நஞ்சால் இறப்பதைத் தடுக்கப் பார்க்கிறான். அந்தக் குழு மங்காவில் இருந்த குற்றவாளியையே மாற்றியது. மங்காவைப் படித்தவர்களும் கடைசி வாரம்வரை ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. அது ஒரு வகை ஆட்டம், நன்றாகவே ஆடினார்கள். 'எரேஸ்டு' அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை.

அது கேட்கும் கேள்வி வேறு. கயோவை அவள் அம்மா அடிக்கிறாள். தொடையில் காயம். பனிக்காலத்தில் வீட்டுக்கு வெளியே உள்ள கொட்டகையில் போட்டு அடிக்கிறாள். மறுநாள் முகவீக்கம் தெரியாமலிருக்கக் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அமுக்குகிறாள். இது வகுப்பாசிரியருக்குத் தெரியும். ஊரிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அவள் தினமும் தனியாகப் பூங்காவில் நின்றுகொண்டிருக்கிறாள். கொலைகாரன் தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட குழந்தைகளைத்தான். பள்ளிவிட்டதும் கூட வருவதற்கு ஆள் இல்லாத குழந்தை, காணாமல் போனால் முதல் சில மணிநேரம் யாரும் தேடாத குழந்தை.

இதை வைத்துப் பார்த்தால் சதோரு செய்வது புரியும். அவன் துப்பறிவதே இல்லை. கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க அவன் எடுக்கும் முயற்சி மிகக் குறைவு. அந்தக் குழந்தைகளைத் தனியாக இல்லாமல் செய்துவிட்டால் கொலை நடக்காது என்று கணக்குப் போடுகிறான், அவ்வளவுதான். கயோவோடு பேசுகிறான். வெட்கம் கெட்டுப்போய்ப் பேசுகிறான், ஏனென்றால் 29 வயதுக்காரன் மனதில் நினைப்பதெல்லாம் பத்து வயது வாயிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. அவள் "முட்டாளா நீ?" என்று திருப்பிக் கேட்கிறாள். முதல் முயற்சியில் அவனுக்குத் தேதிகூடத் தெரியும். அந்தத் தேதி கடக்கும்வரை கூடவே இருக்கிறான். கடந்துவிட்டது என்று நிம்மதியடைகிறான். அடுத்து வகுப்புக்குப் போனால் அவள் இடம் காலி. எதிர்காலத்திலிருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரிந்தும் காப்பாற்ற முடியவில்லை. காரணம் எளிது. அவன் அவளைக் கடத்தல்காரனிடமிருந்து மட்டும்தான் காத்தான், வீட்டிலிருந்து காக்கவில்லை.

காலம் அவனை மறுபடி 1988-இல் கொண்டுவிடும்போது, இந்த இரண்டாவது முறை அவன் தனியாகச் செய்வதில்லை. வகுப்புத் தோழர்கள் கென்யா, ஹிரோமி இருவரும் சேர்கிறார்கள், கைவிடப்பட்ட ஒரு பழைய பேருந்தில் கயோவை ஒளித்துவைக்கிறார்கள். அப்புறம் அவன் அம்மா சேர்கிறாள். சச்சிகோ மகனைத் திட்டுவதில்லை, குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்து குளிக்கவைக்கிறாள், தன் பக்கத்தில் படுக்கவைக்கிறாள். காலையில் கயோவுக்கு முன்னால் சோறு, மிசோ சூப், முட்டை, சாஸேஜ். அவளுக்குத் தெரிந்த காலைச் சாப்பாடு மேசைமேல் கிடக்கும் சில்லறைக் காசு, இல்லாவிட்டால் கப் நூடுல்ஸ். சாப்பாட்டைப் பார்த்ததும் அழத் தொடங்குகிறாள். அவள் அடிவாங்கும் எந்தக் காட்சியிலும் அப்படி அழவில்லை. மொத்தக் கதையின் உச்சம் இதுதான் என்பேன், கொலைகாரனோடு நடக்கும் கடைசி மோதல் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கதையில் தனியாக நிற்கும் குழந்தைகளைப் பார்க்கும் பெரியவர்கள் மூன்றே பேர். ஒருத்தி சச்சிகோ. இன்னொருவன் யூகி என்று பிள்ளைகள் கூப்பிடும் திக்குவாய் இளைஞன், தனியாக இருக்கும் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசி, நண்பர்கள் பிடித்துக்கொள்ளத் தைரியம் சொல்கிறவன். மூன்றாவது ஆள் யாஷிரோ. குழந்தைகள் நல மையத்துக்கு கயோவைப் பற்றிச் சொன்னதும் அவர்தான், கொன்றதும் அவர்தான். முதல் முறை நடந்த வரலாற்றில் கொலைப்பழி யூகிமேல் விழுந்து அவனுக்கு மரண தண்டனை. குழந்தைகளோடு பழகுகிறான் என்பதே அவனுக்கு எதிரான சாட்சி. சச்சிகோ 2006-இல் ஒரு கார் நிறுத்துமிடத்தில், ஒரு சிறுமியைக் கூட்டிப்போகும் ஆளை நிமிர்ந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் அந்தச் சிறுமியை விட்டுவிட்டுப் போகிறான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் கொல்லப்படுகிறாள். கவனிப்பவர்களில் நல்லவன் சிறைக்குப் போகிறான், நல்லவள் சாகிறாள், மூன்றாவது ஆள் வகுப்பெடுத்துக்கொண்டே இருக்கிறார். மர்மம் இல்லை என்று நீங்கள் சொல்வதை இதனால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கதை 1988-இல் நடப்பது முக்கியம். ஜப்பானில் குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்கத் தனிச்சட்டம் வந்தது 2000-இல்தான். அதற்கு முன்பும் 1947-ஆம் ஆண்டின் குழந்தைகள் நலச் சட்டம் இருந்தது, நல மையங்கள் இருந்தன. ஆனால் பெற்றோர் அடிப்பதை 'வளர்ப்பு' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவற்றைவிட வலுவாக இருந்தது. பெற்றோர் உடல்ரீதியாகத் தண்டிக்கக்கூடாது என்ற விதி 2020 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. கயோவின் அம்மா அகெமியைக் கதை அரக்கியாக விட்டுவிடவில்லை. கயோவை அழைத்துப்போகப் பாட்டி வந்து நிற்கும்போது, அகெமியே கணவனிடம் அடிவாங்கியவள் என்பது வெளிவருகிறது. அதற்காகக் கதை அவளை மன்னிக்கவும் இல்லை.

காலாவதி விஷயம். ஜப்பானில் அப்போது கொலை வழக்குக்கு 15 ஆண்டுக் காலவரம்பு இருந்தது. அதற்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் பிறகு தொடுக்க முடியாது. சாட்சிகளின் நினைவு மங்கிவிடும், தடயங்கள் அழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2004-இல் கொண்டுவந்த திருத்தம் அதற்குப் பிந்தைய கொலைகளுக்கு மட்டும் அதை 25 ஆண்டு ஆக்கியது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடியபிறகு, 2010 ஏப்ரல் 27 அன்று கொலைக்கான வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆக 1988 கொலைகளுக்கு 2003-ஓடு கதவு மூடிவிட்டது. 2006-இல் சச்சிகோவுக்கு உண்மை தெரிந்தாலும் அந்தப் பழைய கொலைகளுக்காக யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது.

இதெல்லாம் கற்பனையில் மட்டும் நடப்பதல்ல. 1990-இல் தொச்சிகி மாநிலத்து அஷிகாகா நகரில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டு மழலையர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரைக் கைதுசெய்தார்கள். அன்றைய தொடக்கநிலை டிஎன்ஏ சோதனையும், விசாரணையில் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலமும்தான் ஆதாரம். ஆயுள் தண்டனை. மறுசோதனையில் டிஎன்ஏ பொருந்தவில்லை என்று தெரிந்து 2009-இல் வெளியே விட்டார்கள், 2010 மார்ச்சில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 17 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். அதற்குள் உண்மையான கொலைகாரனைப் பிடித்தாலும் தண்டிக்க முடியாதபடி 2005-லேயே காலவரம்பு முடிந்துவிட்டது. சன்பே இதிலிருந்து கதையை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2012-இல் இந்த மங்காவைப் பிரித்த ஜப்பானிய வாசகனுக்கு யூகி எவ்வளவு நிஜமாகத் தெரிந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் 18 வருடக் கேள்வி. யார் அனுப்புகிறார்கள் என்று கதை சொல்லவில்லை, அது எனக்குக் குறையாகவும் படவில்லை. ஆனால் விதி ஒன்றுதான், அது மீறப்படவும் இல்லை. தவறு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவனைக் கொண்டுபோய் விடும். லாரி விபத்துக்கு அந்தத் தொடக்கம் சில நிமிடங்களுக்கு முன்னால் இருக்கிறது. அம்மாவின் கொலைக்கு அது 1988-இல் இருக்கிறது. அந்த லாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். மகனைப் பார்த்துக்கொள்ள சச்சிகோ ஹொக்கைடோவிலிருந்து வருகிறாள். வந்ததால்தான் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறாள். அவன் செய்த நல்ல காரியம் அம்மாவின் உயிரில் போய் முடிகிறது. இவ்வளவு இறுக்கமாகக் காரணகாரியம் பின்னிய காலப்பயணக் கதைகள் குறைவு.

கோமாவைப் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. யாஷிரோ அவனைக் காரோடு நீரில் மூழ்கடிக்கிறார், பிழைத்துக்கொள்கிறான், ஆனால் கண் திறப்பது 2003-இல். மறுபடி அதே 15 ஆண்டு. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. மீட்ட உயிர்களுக்கு ஈடாக அவன் தன் வளரும் பருவம் முழுவதையும் கொடுத்திருக்கிறான். சச்சிகோ அத்தனை ஆண்டும் அவன் கைகால்களைப் பிடித்துவிட்டு, துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கயோ அவனைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வருகிறாள். அவள் மணந்துகொண்டது ஹிரோமியை. பலர் வருத்தப்படும் இடம் இது, சதோருவைத்தானே மணந்திருக்க வேண்டும் என்று. ஹிரோமியும் பழைய வரலாற்றில் அதே கொலைகாரனிடம் செத்தவன் என்பதை மறந்துவிடுகிறார்கள். செத்துப்போயிருக்க வேண்டிய இரண்டு குழந்தைகள் வளர்ந்து பெற்ற பிள்ளை அது. வேறு எந்த முடிவும் இதற்குப் பக்கத்தில் வராது.

சரி, எதைப் பார்ப்பது? 2016 ஜனவரியில் தொடங்கிய அனிமே, மங்கா முடியும் சமயத்திலேயே முடிந்துவிட்டது. அதனால் கோமாவுக்குப் பிந்தைய பகுதியை அவசரமாகக் கடைசி இரண்டு எபிசோடுகளில் சுருக்கிவிட்டார்கள். ஆனால் கயோவின் பகுதியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சதோரு படுத்துக் கிடக்கும் கட்டத்தில் தொடக்கப் பாடலின் காட்சிகளிலிருந்து அவனை மட்டும் அழித்துவிட்டார்கள். தாண்டிவிடாமல் பாருங்கள். அதே ஆண்டு மார்ச்சில் வந்த திரைப்படம் சதோருவைக் கடைசியில் சாகடித்துவிடுகிறது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நீங்கள் பார்த்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் மங்கா முடிந்தபிறகு எடுக்கப்பட்டதால் அதன் முடிவை நிதானமாகப் பின்தொடர்கிறது. சன்பேயின் சொந்த ஊரான, ஹொக்கைடோவில் உள்ள டொமகொமாயிலேயே படப்பிடிப்பு நடத்தினார்கள். அந்தப் பனியும் வெளிச்சமும் வேறெங்கும் கிடைத்திருக்காது. யாஷிரோவாக வரும் ஷிகேயுகி தொட்சுகியும் ஹொக்கைடோக்காரர்தான்.

நீங்கள் தொடரை முடித்துவிட்டதால் அனிமேயை முதல் எபிசோடிலிருந்து ஒன்பதுவரை பாருங்கள், மீதி உங்கள் விருப்பம். மங்கா கிடைத்தால் எட்டுத் தொகுதிகளையும் வாசித்துவிடுங்கள். அதோடு வந்த ஒன்பதாவது தொகுதி துணைக்கதைகள். சதோரு தூங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

அன்புடன்